மர அழைப்பான்களுக்கு நேர்மையான கருத்து வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கைவினைப் பொருட்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் அண்மையில் வெளிவந்த கட்டுரையை இருமுறை படித்தேன். கையால் செய்த பொருளில் தென்படும் சிறு குறைகளும் அதன் அழகைச் சேர்ந்தவையே என்று கட்டுரையாளர் எழுதியிருந்தார். மண்குவளைக்கும் மரப்பேழைக்கும் அது பொருந்தலாம். பல ஆண்டுகளாக மரத்தில் வேட்டை அழைப்பான்களைக் கடைந்துவரும் என்னால் அந்த வரியை ஏற்க முடியவில்லை. எங்கள் பொருளில் குறை என்றால் அது குரலில் உள்ள குறை. அதை முகத்துக்கு நேரே எடுத்துச் சொல்லும் ஆள் கிடைப்பதுதான் இத்தொழிலில் மிகவும் அரிதாக இருக்கிறது.

இக்கருவியை அறியாத வாசகர்களுக்காகச் சில சொற்கள். வாத்து, வான்கோழி போன்றவற்றின் குரலை எழுப்பி அவற்றை அருகே வரவழைக்கும் கருவியே அழைப்பான். வேட்டைக்காரர்கள் மட்டுமன்றிப் பறவைகளைப் படம் பிடிப்போரும் இதைப் பயன்படுத்துகிறார்கள். தன் இனத்தைக் கவர்ந்து வரவழைக்கப் பழக்கிய விலங்கையும் பறவையையும் பழந்தமிழில் ‘பார்வை’ என்றார்கள். அந்தப் பார்வை செய்த வேலையை அழைப்பான் குரலால் மட்டுமே செய்கிறது. வாத்து அழைப்பானில் வெளிக்குழல் ஒன்றும் அதனுள் இறுகப் பொருந்தும் செருகி ஒன்றும் உண்டு. செருகியின் மேல் சற்றே வளைவாகச் சீவிய ஒலிப்பலகையும், அதன்மீது படிந்து துடிக்கும் மெல்லிய நாக்கும், நாக்கை அசையாமல் பிடிக்கும் தக்கை ஆப்பும் இருக்கும். நாகஸ்வரத்துக்குச் சீவாளி எப்படியோ, அப்படி இதற்கு அந்த நாக்கு. இன்று பெரும்பாலும் அது மைலார் எனும் பிளாஸ்டிக் தகட்டில் வெட்டப்படுகிறது. அதன் தடிமன் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் பத்துப் பங்கு அல்லது பதினான்கு பங்கு அளவில் இருக்கும். வான்கோழிக்குரிய பெட்டி அழைப்பானோ ஊதப்படுவதில்லை. சாக்கட்டி தேய்த்த மூடியைப் பெட்டியின் மெல்லிய பக்கச் சுவரின்மேல் உரசினால் குரல் எழும். இவ்வகைப் பெட்டிக்கு 1897இல் ஹென்றி கிப்சன் என்பவர் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார்.

இவ்வளவு நுட்பமான பொருளைக் குறித்து எனக்குக் கிடைத்துவந்த கருத்து எத்தகையது என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் வால்நட் மரத்தில் ஆறு வாத்து அழைப்பான்களைக் கடைந்து, பயன்படுத்திப் பார்த்துச் சொல்லும்படி தெரிந்தவர்கள் ஆறு பேருக்குக் கொடுத்தேன். ஐந்து பேர் ‘அருமை’ என்றார்கள். மரத்தின் ரேகை கண்ணைப் பறிக்கிறது என்றார் ஒருவர். மெருகு கண்ணாடி போல் இருக்கிறது என்றார் இன்னொருவர். குரலைப் பற்றி எவரும் வாய் திறக்கவில்லை. ஆறாமவர் வயதில் மூத்தவர், அதிகம் பேசாதவர். ஒரு மாதம் கழித்து அழைப்பானைத் துணியில் சுற்றித் திருப்பி அனுப்பினார். உள்ளே ஒரு துண்டுத்தாளில், “விடிந்து ஒரு மணி நேரம் நன்றாகப் பேசியது. பிறகு நாக்கு ஒட்டிக்கொண்டது. துடைப்பதற்குச் செருகியைக் கழற்றப் பார்த்தேன், வரவில்லை. பனி இருந்தது” என்று எழுதியிருந்தார்.

அன்றைக்கு எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. மறுநாள் பட்டறையில் அமர்ந்து அதே கணக்கில் வேறொன்றை அரை மணி நேரம் விடாமல் ஊதிப் பார்த்தேன். அதுவரை நான் ஒவ்வொன்றையும் இரண்டு நிமிடத்துக்கு மேல் ஊதிச் சோதித்ததே இல்லை. மூச்சின் ஈரம் சேரச் சேரச் செருகியின் மரம் உப்பிக் குழலை இறுகப் பற்றிக்கொண்டது. வெளிப்புறத்துக்கு ஐந்தாறு பூச்சு மெருகு கொடுத்த நான், கண்ணுக்குத் தெரியாத உட்புறத்தைப் பூச்சில்லாத வெறும் மரமாகவே விட்டிருந்தேன். மரம் ஈரத்தில் எல்லாத் திசையிலும் ஒன்றுபோல் உப்புவதில்லை. நீளவாக்கில் மிகக் குறைவாகவும், ஆண்டு வளையங்களுக்குக் குறுக்கே சற்று அதிகமாகவும், வளையங்களை ஒட்டிய திசையில் ஏறத்தாழ அதைப்போல் இரு மடங்காகவும் உப்பும். ஆகவே வட்டமாகத் துளைத்த துளை ஈரத்தில் நீள்வட்டமாகிவிடுகிறது. ஒலிப்பலகையின் தளமும் இம்மியளவு நெளிகிறது. அந்த இம்மியில்தான் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. இல்லினாய் மாநிலத்தின் பீக்கின் நகரில் பிலிப் ஓல்ட் 1904இல் தொடங்கிய நிறுவனம் கெட்டி ரப்பரில் செய்த அழைப்பான்கள் அவ்வளவு பெயர் பெற்றதை நினைத்துப் பார்க்கிறேன். ரப்பருக்கு இந்தத் தொல்லை கிடையாது. மரத்தைத்தான் கையாள்வேன் என்று உறுதிகொண்டவன் அதன் உட்புறத்தையும் அடைத்துக் காக்கக் கடமைப்பட்டவன். ஐந்து ‘அருமை’கள் எனக்குச் சொல்லித்தராத இந்தப் பாடத்தை அந்த நான்கு வரித் தாள் சொல்லித்தந்தது. அது இன்றும் என் பட்டறைச் சுவரில் இருக்கிறது.

செய்தவன் தானே கேட்டுத் தீர்மானிக்கக்கூடாதா என்று வாசகர்கள் கேட்கலாம். முடியாது என்பதற்குத் தெளிவான காரணம் இருக்கிறது. ஊதுபவனின் காதுக்கு ஒலி காற்றின் வழியாக மட்டும் போவதில்லை. பல், தாடை, மண்டையோடு வழியாகவும் போகிறது. அதனால் அவனுக்குத் தாழ்ந்த சுரங்கள் கனமாகக் கேட்கும். ஒலிப்பதிவில் நம் குரலையே நாம் அடையாளம் காணத் தயங்குவதற்கும் இதுவே காரணம். எதிரில் நூறு அடி தள்ளி நிற்பவர் கேட்பது வேறு குரல். அதற்கும் அப்பால் நீர்ப்பரப்பிலோ மரக்கூட்டத்திலோ நிற்பவர் கேட்பது இன்னும் வேறு, ஏனெனில் காற்றும் இலைகளும் உயர்ந்த சுரங்களையே முதலில் விழுங்கிவிடுகின்றன. போதாக்குறைக்கு, இந்த அழைப்பானுக்கு எவ்வளவு மூச்சு வேண்டும், எங்கே தயங்கும் என்பதெல்லாம் செய்தவனுக்குத் தெரியும். தன்னை அறியாமலே அவன் மூச்சு அதற்கு விட்டுக்கொடுத்துவிடுகிறது.

பறவை வந்தால் அழைப்பான் நல்லது, வராவிட்டால் கெட்டது, இதற்கு மனிதக் கருத்து எதற்கு என்று சொல்பவர்களும் உண்டு. அனுபவத்தில் நான் கண்டது வேறு. காற்று வீசும் மந்தமான காலையில், இறங்க இடம் தேடிக்கொண்டிருக்கும் வாத்துக் கூட்டம் மோசமான குரலுக்கும் இறங்கிவிடும். வானம் தெளிந்து காற்று அடங்கிய நாளில் மிகச் சிறந்த குரலுக்கும் அது திரும்பிப் பார்க்காது.

எனவே வழி ஒன்றே: பிறர் காதை நாட வேண்டும், அதுவும் கண்ணை மறைத்துவிட்டு நாட வேண்டும். 2010இல் இண்டியானாபொலிஸ் நகரில் ஆய்வாளர்கள் 21 வயலின் கலைஞர்களை அழைத்து, புதிய வயலின்கள் மூன்றையும் ஸ்ட்ராடிவாரி உட்படப் புகழ்பெற்ற இத்தாலியப் பழைய வயலின்கள் மூன்றையும், எது எது என்று தெரியாதபடி கறுப்புக் கண்ணாடி அணிவித்து வாசிக்கச் செய்தார்கள். பெரும்பாலோரால் பழையதையும் புதியதையும் பிரித்தறிய முடியவில்லை. பலர் விரும்பியது புதிய ஒன்றையே. பெயரும் விலையும் மரத்தின் பொலிவும் நம் காதை எவ்வளவு தூரம் ஆட்டுவிக்கின்றன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. வாத்துக் குரல் எழுப்பும் உலகப் போட்டி அமெரிக்காவின் ஸ்டட்கார்ட் நகரில் 1936ஆம் ஆண்டு முதல் நடந்துவருகிறது. அத்தகைய போட்டிகளில் ஊதுபவரின் முகம் நடுவர்களின் கண்ணில் படாதபடி பார்த்துக்கொள்வார்கள். ஆனால் போட்டி மேடையில் வெல்லும் குரலும் நீர்நிலையில் வேண்டிய குரலும் ஒன்றல்ல. மேடைக்கு உரத்த, நீண்ட வீச்சு தேவை; கிட்ட வந்துவிட்ட பறவைக்கு அடங்கிய, கரகரப்பான முணுமுணுப்பு தேவை. எதற்காகச் செய்தது என்பதைச் சொல்லாமல் எப்படி இருக்கிறது என்று கேட்பது, கேட்பவனின் பிழையே.

நான் இப்போது கடைப்பிடிக்கும் முறை எளியது. அழைப்பான்களுக்கு எண் மட்டும் இடுகிறேன். எது எந்த மரம், எதற்கு அதிக உழைப்புப் போட்டேன் என்பதைச் சொல்வதில்லை. தேர்ந்த ஒருவரிடமும் புதிதாகக் கற்பவரிடமும் தருகிறேன், ஏனெனில் தேர்ந்தவர் எந்தக் கட்டையையும் பேசவைத்துவிடுவார். கருவியின் முரண்டு புதியவரின் கையில்தான் வெளிப்படும். மூன்றாமவர் ஊதுவதே இல்லை. தள்ளி நின்று முதுகைக் காட்டிக்கொண்டு கேட்கிறார். ‘பிடித்திருக்கிறதா’ என்று நான் கேட்பதில்லை. தாழ்ந்த சுரத்திலிருந்து உயர்ந்த சுரத்துக்குப் போகையில் எங்கே உடைகிறது, எவ்வளவு நேரத்தில் ஈரம் பிடிக்கிறது, கையுறையோடு செருகியைக் கழற்ற முடிகிறதா, இவற்றில் ஒன்றை விட்டுவிட வேண்டும் என்றால் எதை விட்டுவிடுவீர்கள் என்று கேட்கிறேன். கடைசிக் கேள்விதான் நாக்கின் கட்டை அவிழ்க்கிறது. ‘இது நன்றாக இல்லை’ என்று சொல்லக் கூசுகிறவர்கள்கூட ‘நாலாம் எண்ணை விட்டுவிடுவேன்’ என்று தயங்காமல் சொல்கிறார்கள்.

இதில் செய்பவனின் பங்கும் உண்டு. குறை சொல்லத் தொடங்கியவரை இடைமறித்து, அந்த மரம் அப்படித்தான், அந்த நாக்கு புதிது என்று விளக்கம் கொடுக்கும் பழக்கம் எனக்கும் நெடுநாள் இருந்தது. அப்படி விளக்கம் கேட்டவர் அடுத்த முறை ‘அருமை’ என்று சொல்லி முடித்துக்கொள்வார். அவரைக் குற்றம் சொல்ல இடமில்லை. பரிசாகக் கொடுத்துவிட்டுக் கருத்துக் கேட்பதையும் விட்டுவிட்டேன். பெற்றுக்கொண்ட கைக்கு ஒரு நன்றிக்கடன் இருக்கிறது. அது வாயைக் கட்டிவிடும். இப்போது இரவலாகத் தந்து குறித்த நாளில் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

தங்கள் இதழில் கைவினைஞர்களைப் பற்றி எழுதுவோருக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. எங்கள் பொருட்களைப் படம் பிடித்துப் பாராட்டுவதற்கு முன், அவற்றை அவற்றின் வேலையில் ஒரு முறை ஈடுபடுத்திப் பாருங்கள். மெருகைப் பற்றி ஒரு பத்தி எழுதினால் குரலைப் பற்றியும் ஒரு பத்தி எழுதுங்கள். ஒட்டிக்கொண்டால் ஒட்டிக்கொண்டது என்றும், எத்தனை நிமிடத்தில் என்றும் எழுதுங்கள். என் பொருளைப் பற்றி அப்படி எழுத முன்வருவோருக்கு, எண் மட்டும் இட்ட நான்கு அழைப்பான்களை இரவலாக அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
மரக் கடைசல் தொழில் செய்யும் வாசகர் ஒருவர்