தோவாளைப் பூ விலை

மக்ளே,

நீயும் உன் கூட்டுக்காரிகளும் சேர்ந்து நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்கென்று ஒரு செய்தித் தளம் தொடங்கப்போவதாகச் சொன்னாய். பேப்பர் படிக்க ஆளில்லை, அதனால் செல்போனுக்கு வந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்கிறாய். அங்கேதான் கணக்கு இடிக்கிறது. பேப்பரை விட்டு முதலில் போனது வாசகர் இல்லை. மூணு நாலு வரியில் வரும் வரி விளம்பரம்.

ஒரு 12 பக்கப் பேப்பரை எடுத்து நிறுத்துப் பார். நியூஸ்பிரிண்ட் தாள் சதுர மீட்டருக்கு 45 கிராம். பக்கம் 33 செ.மீ. அகலம், 54 செ.மீ. உயரம் என்றால் ஆறு தாளும் சேர்ந்து 48 கிராம் வரும். கிலோ 60 ரூபாய் என்று வைத்தால் தாளுக்கு மட்டும் 2 ரூபாய் 90 காசு. கலர் பக்கத்துக்கு நிறத்துக்கு ஒன்றாக நாலு பிளேட், மை, மெஷின் ஓடத் தொடங்கும்போது நிறம் சேராமல் கழிகிற தாள், வேன், ஏஜெண்டு கமிஷன், விற்காமல் திரும்பி வரும் ரிட்டர்ன் கட்டு எல்லாம் அதற்கு மேலே. வாசகர் தருகிற காசு இதற்கே காணாது. உக்ரைன் போர் தொடங்கிய 2022-ல் தாள் விலை ஏறியபோது பல பேப்பர்கள் பக்கத்தைக் குறைத்ததும் அதனால்தான்.

குறைந்ததை இட்டு நிரப்பியது விளம்பரம். அதிலும் நாலு வரி விளம்பரம் கொடுக்கிற ஆயிரம் பேர். மணமகன் தேவை மேட்ரிமோனிக்குப் போயிற்று. பழைய பைக் ஓஎல்எக்ஸுக்கு, வேலைக்கு ஆள் தேவை நாக்ரிக்கு, வீட்டுமனை 99 ஏக்கர்ஸுக்கு. பேப்பரில் தங்கியது நினைவஞ்சலி, கோர்ட் நோட்டீஸ், தொலைந்த பத்திர அறிவிப்பு, டெண்டர், நகைக்கடையின் முழுப்பக்கம். அச்சில் வந்தது என்று வெட்டி எடுத்து ஃபைலில் வைக்க வேண்டியவைதான் இவற்றில் பெரும்பாலும், பார்த்தாயா?

சரி, உன் பக்கத்துக் கணக்கு. தானாக வந்து விழுகிற கூகுள் விளம்பரத்தில் ஆயிரம் பார்வைக்கு 30 ரூபாய் கிடைக்கிறது என்று வை. நாளைக்கு 20,000 பார்வை வந்தால் 600 ரூபாய், மாதம் 18,000. நித்திரவிளையிலிருந்து ஆரல்வாய்மொழி வரை ஓடுகிற ஒரு நிருபரின் சம்பளமும் பெட்ரோலும் அதில் அடங்காது. பார்வையைக் கூட்டத்தான் எல்லாரும் நடிகர் வீட்டு விவாகரத்தை எழுதுகிறார்கள். அந்தச் சவத்தை நீ எழுத வேண்டாம். மார்த்தாண்டத்துக் கடைக்காரரிடம் நேரே போய் விளம்பரம் கேள். ஜிஎஸ்டி பதிவு எடுத்தபின் பில்லில் 18 சதவீதம் சேரும். பேப்பர் விளம்பரத்துக்கு 5 சதவீதம்தான். விலை சொல்லும்போதே அதைச் சேர்த்துச் சொல், பிறகு முகம் சுளிப்பார்கள்.

செய்திக்கு வருகிறேன். தோவாளைப் பூச்சந்தை விடியுமுன்னே கூடிவிடுகிறது. பேப்பர் ராத்திரியே அச்சாகிவிடுவதால் காலையில் வாசலில் விழுவது நேற்றைய பிச்சி விலை. இன்றைய விலையை வியாபாரிகள் வாட்ஸ்அப்பில் பரிமாறிக்கொள்கிறார்கள். அவர்களை நீ முந்த முடியாது, முந்தவும் வேண்டாம். ஆனால் போன ஓணத்துக்கு முந்தின நாள் பிச்சி என்ன விலை, அதற்கு முந்தின வருஷம் என்ன விலை என்று கேட்டால் பேப்பராலும் சொல்ல முடியாது, வாட்ஸ்அப்பாலும் சொல்ல முடியாது. தினமும் தேதி, பூ, கிலோ விலை என்று ஒரே அட்டவணையில் ஏற்றிக்கொண்டே வா. ஒரு வருஷம் ஆனதும் நடுகிறவருக்கும் வாங்குகிறவருக்கும் அது தேவைப்படும். பேச்சிப்பாறை (முழு மட்டம் 48 அடி), பெருஞ்சாணி (77 அடி) அணைகளின் நீர்மட்டத்துக்கும் இதே வழிதான்.

அணையில் தண்ணீர் திறந்தால் திற்பரப்பு அருவியில் குளிக்கத் தடை வரும். இங்கேதான் ஒரு கண்ணி இருக்கிறது. வாட்ஸ்அப்பில் இணைப்பை அனுப்பினால் தலைப்பும் படமும்தான் முன்னால் தெரியும், தேதி தெரியாது. போன வருஷத்துத் தடை இந்த வருஷம் சுற்றிவந்து, வேன் பிடித்து வந்தவர்கள் பாதி வழியில் திரும்புவார்கள். அதனால் தலைப்பின் முதல் சொல்லே தேதியாக இருக்கட்டும், படத்தின் மேலும் தேதியைப் பதி. தடை நீங்கினால் புதுப் பக்கம் போடாமல் அதே பக்கத்தைத் திருத்து. இல்லாவிட்டால் 'தடை' என்ற பக்கமே தேடலில் மேலே நிற்கும்.

எழுத்திலும் கவனம் வேண்டும். பேப்பர் லே-அவுட்டுக்கு என்று வந்த பழைய எழுத்துருக்களில் அடித்ததை, இணையத்திலும் செல்போனிலும் ஓடுகிற யூனிகோடு எழுத்துக்கு மாற்றும்போது 'பௌர்ணமி' என்பது 'பெளர்ணமி' ஆகிவிடும். கண்ணுக்கு ஒன்றுதான். முதலாவதில் ஔகாரக் குறி, இரண்டாவதில் கொம்பும் ளகரமும். கன்னியாகுமரியில் சூரியன் மறைவதையும் நிலா எழுவதையும் சேர்த்துப் பார்க்க வருகிறவர் 'சித்ரா பௌர்ணமி' என்று உன் தளத்தில் தேடினால் அந்தச் செய்தி அகப்படாது. மாற்றிய ஒவ்வொரு கட்டுரையிலும் 'ெள' எங்கே இருக்கிறது என்று தேடிப் பார். 'வெள்ளம்', 'கெளுத்தி' எல்லாம் சரியானவை, மொத்தமாக மாற்றிவிடாதே!

வாசகரை ஃபேஸ்புக் கொண்டுவந்து தரும் என்று நம்பி உட்காராதே. கனடாவில் செய்திக்குக் காசு கொடுக்கச் சொல்லிச் சட்டம் வந்ததும், 2023 ஆகஸ்டில் ஃபேஸ்புக்கை நடத்துகிற மெட்டா கம்பெனி அங்கே செய்தி இணைப்புகளையே நிறுத்திவிட்டது. கூகுளும் இப்போது பல கேள்விகளுக்குப் பதிலை மேலேயே சுருக்கிப் போட்டுவிடுகிறது, இணைப்பைச் சொடுக்க ஆளில்லை. வாட்ஸ்அப் சேனலும் மெட்டாவின் வீடுதான், நீ அதில் வாடகைக்காரி. சம்மதம் கேட்டு மின்னஞ்சல் முகவரி வாங்கி வை. கோவில் கொடை, பெருநாள், மீன்பிடித் தடைக்காலம் என்று மக்கள் தாங்களே தேடிவரும் நாட்களில் கேட்டால் தருவார்கள்.

பூ விலை அட்டவணைக்கு ஒரு மாதிரிப் பக்கம் செய்து அனுப்பு. பிழை பார்த்துத் தருகிறேன். பிச்சியையும் மல்லியையும் ஒரே கட்டத்தில் போட்டுவிடாதே.

அம்மா