இறால் குளத்துக்கும் காப்புறுதி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

புயல் எச்சரிக்கை வந்தால் கொட்டியாரக் குடாவில் வள்ளங்களைக் கரையேற்றிவிடலாம். இறால் வளர்ப்பவர் குளத்தை எங்கே ஏற்றுவது?

வெயில் கூடக்கூட நீரில் ஒட்சிசன் குறைகிறது. விடியப்புறம்தான் மோசம். இரவு முழுக்கப் பாசியும் சேர்ந்து ஒட்சிசனை இழுப்பதால், இறால்கள் மேலே வந்து வரம்போரம் ஒதுங்கும். காற்றூட்டும் மெஷினை விடாமல் ஓட்டினால் கரண்ட் பில் கழுத்தை நெரிக்கிறது.

மாரியில் வேறு கதை. ஒரே நாளில் கொட்டும் மழைநீர் உப்புநீருக்கு மேலே தங்கிவிட, அடியில் கிடக்கும் இறாலுக்கு மூச்சு முட்டும். உவர்ப்பு சட்டென்று இறங்கினால் நோயும் எளிதில் தொற்றும். மகாவலி பெருகி வரம்பு உடைந்தால், சரி, போட்ட முதல் முழுக்கக் கடலுக்கு. வங்கிக் கடன் மட்டும் கரையில் நிற்கும்.

நெல்லுக்குப் பயிர்க் காப்புறுதி இருப்பதுபோல், சிறு பண்ணையாளருக்குக் கட்டுப்படியாகும் காப்புறுதி ஒன்றை அடுத்த மாரிக்கு முன் அதிகாரிகள் ஏற்பாடு செய்யவேண்டும்.

வாசகர் ஒருவர்,
கிண்ணியா, திருகோணமலை