க்ளூஜ் நகரின் ‘மாணவர் அணி’ குறித்து

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐரோப்பியக் கால்பந்து நகரங்கள் பற்றித் தங்கள் இதழில் சென்ற வாரம் வெளியான கட்டுரையில், ருமேனியாவின் க்ளூஜ் நகரைக் குறித்து, “சி.எஃப்.ஆர். அணியைத் தவிர, மாணவர்கள் பொழுதுபோக்காக நடத்தும் ஓர் அணியும் இங்கே உண்டு” என்று ஒரு வரி இருந்தது. அந்த நகரில் மருத்துவம் படித்து, அந்த அணியின் ஆட்டங்களை மழையிலும் குளிரிலும் நின்று பார்த்தவன் நான். அந்த வரி என்னை மிகவும் வருத்தியது.

‘உனிவெர்சிடாடியா (பல்கலைக்கழகம்) க்ளூஜ்’ என்பது அதன் முழுப்பெயர். ஊரார் ‘ஊ’ என்ற ஒற்றை எழுத்தால் அழைக்கும் அந்த அணி 1919-ல் தொடங்கப்பட்டது. தொடங்கியவர் மருத்துவப் பேராசிரியர் யூலியு ஹாட்ஸியெகானு. என் பட்டச் சான்றிதழில் அச்சிடப்பட்டிருக்கும் பல்கலைக்கழகத்தின் பெயரும் அவருடையதே. 1940-ல் க்ளூஜ் அடங்கிய வட திரான்சில்வேனியா ஹங்கேரியின் கைக்குப் போனபோது, பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து அணியும் ருமேனியாவிடமே இருந்த சிபியு நகருக்கு இடம்பெயர்ந்தது. அப்படிப் புலம்பெயர்ந்திருந்த நிலையிலேயே 1942-ல் ருமேனியக் கோப்பையின் இறுதி ஆட்டம் வரை வந்தது. 1965-ல் அந்தக் கோப்பையை வென்றும் காட்டியது. இதையா பொழுதுபோக்கு என்கிறீர்கள்?

2016-ல் பண நெருக்கடியில் அணி சரிந்து, நான்காம் பிரிவிலிருந்து மீண்டும் தொடங்க நேர்ந்தபோது நான் அங்கேதான் இருந்தேன். பார்வையாளர் மேடைகூட இல்லாத ஒரு கிராமத்து மைதானத்தில், கம்பி வேலியைப் பிடித்தபடி, சிவப்புத் தொப்பி அணிந்த கூட்டம் “ஹாய்தே ஊ” (வா, ஊ!) என்று தொண்டை கட்டும் வரை கத்தியதைக் கண்ணால் பார்த்தேன். என்னை அழைத்துச் சென்ற வீட்டுக்காரர் எழுபதைக் கடந்தவர். 1965 இறுதி ஆட்டத்தை வானொலியில் கேட்ட கதையை வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தார். அந்த அணி 2022-ல் முதல் பிரிவுக்குத் திரும்பியது. அடுத்த ஆண்டே கோப்பையின் இறுதி ஆட்டத்தில், அன்று அடைக்கலம் தந்த அதே சிபியு நகரில், பெனால்டியில்தான் தோற்றது.

சி.எஃப்.ஆர். அணியைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமன்று. 1907-ல் ரயில்வே தொழிலாளர்கள் தொடங்கிய அந்த அணி, 2008-ல் ரோமிலேயே ரோமா அணியையும், 2012-ல் ஓல்டு டிராஃபர்டில் மான்செஸ்டர் யுனைடெட் அணியையும் வென்றது. அதை எண்ணி நகரமே பெருமைப்படுகிறது. ஆனால் 2002 வரை அதுவும் மூன்றாம் பிரிவில்தான் ஆடிக்கொண்டிருந்தது என்பதைக் கட்டுரையாளர் ஒரு வார்த்தையில் சொல்லியிருந்தால், ஒன்றை ஏற்றி மற்றொன்றை இறக்கும் தேவை இருந்திருக்காது.

கட்டுரைக்கு மேல் ‘சி.எஃப்.ஆர். மைதானம்’ என்ற குறிப்போடு தாங்கள் வெளியிட்ட படமும் தவறு. ஆடுகளத்தைச் சுற்றி ஓடுபாதையுடன், சோமேஷ் ஆற்றங்கரையில் நிற்கும் அந்த அரங்கம் 2011-ல் திறக்கப்பட்ட க்ளூஜ் அரீனா, ‘ஊ’ அணியின் சொந்த மைதானம். சி.எஃப்.ஆர். மைதானம் இருப்பதோ க்ரூயா குன்றுப் பகுதியில். க்ளூஜ் அரீனா எழுந்த இடத்தில் முன்பிருந்த மைதானத்துக்கு ஓட்டப்பந்தய வீரர் இயோன் மோய்னாவின் பெயர் இருந்தது. பழைய மேடைகளை இடித்தவர்கள் அந்தப் பெயரையும் எடுத்துவிட்டார்கள். ஆகஸ்டில் அங்கே நடக்கும் இசை விழாவுக்குப் பின் புல்தரை மீள்வதற்காக ‘ஊ’ அணி வேறு ஊரில் ‘சொந்த’ ஆட்டம் ஆட நேர்ந்ததும் உண்டு. அத்தனை அலைக்கழிப்புக்கு ஆளானவர்களின் அரங்கத்தைத் தங்கள் இதழ் இன்னொரு அணிக்கு எழுதிக் கொடுத்திருப்பதை எப்படிப் பொறுத்துக்கொள்வது?

ருமேனியா என்றாலே தங்கள் விளையாட்டுப் பக்கத்துக்கு ஜிம்னாஸ்டிக் வீராங்கனை நாடியா கொமனேச்சி, கால்பந்து வீரர் ஹாஜி, தலைநகர் புக்கரெஸ்ட் ஆகிய மூன்று பெயர்களோடு எல்லாம் முடிந்துவிடுகிறது. டென்னிஸ் வீராங்கனை சிமோனா ஹாலெப் 2025 பிப்ரவரியில் ஓய்வை அறிவித்தது க்ளூஜ் அரீனாவுக்குப் பக்கத்திலேயே உள்ள உள்ளரங்கில். தாங்கள் அதைப் புக்கரெஸ்ட் என்று அச்சிட்டீர்கள். அப்போதே எழுதினேன், திருத்தமும் வரவில்லை, பதிலும் வரவில்லை. பள்ளி நாட்களிலிருந்து தங்கள் இதழை வாங்கிப் படிக்கும் வாசகனுக்கு இரண்டு வரிப் பதில் எழுதத் தங்களுக்கு நேரமில்லாமல் போனதில் எனக்கு வருத்தம் உண்டு.

தாங்கள் அறியாதது அல்ல. இன்று அச்சாகும் தவறு நாளை இன்னொருவர் கட்டுரையில் சான்றாக நிற்கும். எனவே அடுத்த இதழில் படக்குறிப்பை ‘க்ளூஜ் அரீனா’ என்று திருத்தி வெளியிடுமாறும், ‘பொழுதுபோக்காக’ என்ற சொல்லை நீக்கி, அணி தொடங்கிய ஆண்டு 1919 என்பதைச் சேர்க்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
மருத்துவர், திருச்சிராப்பள்ளி