நூல் வாங்கும் முன் ஒரு சொல்

குழித்துறை

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது.

கொச்சியில் மழை விடவில்லை என்று சொன்னாய். இங்கும் ஆறு கரையைத் தொட்டு ஓடுகிறது. அப்பாவும் நானும் நலம். வரலாறு, வாழ்க்கை வரலாறு என்ற வகையில் எந்தெந்த நூல்களை வாங்கலாம் என்று நீ தொலைபேசியில் கேட்டபோது உடனே பதில் சொல்ல வாய் வரவில்லை. முப்பது ஆண்டுகள் பள்ளியில் வரலாறு நடத்தியவளுக்கு ஒரு பட்டியல் சொல்வது பெரிய காரியமில்லை. ஆனால் பட்டியலைக் கொடுத்துவிட்டு, எப்படி வாசிப்பது என்பதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் ஒப்பவில்லை.

நூலைக் கையில் எடுத்ததும், எழுதியவர் யாருடைய ஊழியத்தில் இருந்தார், நடந்த நிகழ்ச்சிக்கு எத்தனை ஆண்டுகள் கழித்து எழுதினார், யார் சொல்லக் கேட்டு எழுதினார் என்ற மூன்றையும் முதலில் தேடிப் பார். நம் ஊர்ச் செய்தி ஒன்றையே எடுத்துக்கொள். மார்பை மூடி உடுத்தும் உரிமைக்காக எழுந்த தோள்சீலைக் கலகத்தின் முடிவில், 1859-ஆம் ஆண்டு ஜூலையில், திருவிதாங்கூர் அரசு ஓர் அறிவிப்பை வெளியிட்டது. நாடார் பெண்கள் ரவிக்கை அணியலாம், முரட்டுத் துணியால் மார்பை மூடிக்கொள்ளலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் உடுத்துவது போல் மட்டும் உடுத்தக் கூடாது என்பது அதன் சாரம். இக்கலகத்தைப் பற்றி லண்டன் மிஷன் என்ற கிறிஸ்தவ சபை அமைப்பைச் சேர்ந்த சாமுவேல் மெட்டீர் 1871-இல் வெளிவந்த தம் நூலில் எழுதும்போது, எரிக்கப்பட்ட ஆலயங்களும் அடிபட்ட சபை மக்களும் முன்னால் வந்து நிற்கிறார்கள். திவான் பேஷ்கார் என்ற உயர் அரசுப் பதவியில் இருந்த நாகம் ஐயா, 1906-இல் வெளிவந்த ‘திருவிதாங்கூர் ஸ்டேட் மேனுவல்’ நூலில் எழுதும்போது, அது சமஸ்தானத்தின் அமைதியைக் குலைத்த ஒரு கலவரமாகத் தெரிகிறது. ஒருவர் சபைக்காக எழுதினார், மற்றவர் அரசுக்காக எழுதினார். இருவரையும் பொய்யர் என்று நான் சொல்ல மாட்டேன். இருவரையும் வாசிக்காமல் உனக்கு அந்த ஆண்டு விளங்காது என்றுதான் சொல்கிறேன். ஆனால் ரவிக்கை அணிந்து சந்தைக்கு நடந்துபோன பெண் தன் வாயால் சொன்ன சொல்லை இரண்டு நூலிலும் தேடிப் பார்த்து நான் ஏமாந்து போனேன்.

அந்தச் சொல் எங்கள் வீட்டில் இருந்தது, மகளே. எனக்குப் பதினாறு வயதிருக்கும்போது, என் பாட்டி அடுக்களைத் திண்ணையில் மரச்சீனிக்கிழங்கின் தொலியை உரித்துக்கொண்டே, தன் பாட்டியின் தோளில் கிடந்த துணியை ஒருவன் சந்தையில் வைத்து இழுத்துக் கிழித்ததையும், கிழிந்த துணியை அவள் தைக்காமலும் எறியாமலும் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்ததையும் சொன்னார். சொல்லும்போது கையிலிருந்த கத்தி நின்றுவிட்டது. பிறகு அடுத்த கிழங்கை எடுத்துக்கொண்டார். எந்தச் சந்தை, பெட்டி பிறகு யாரிடம் போனது என்று எதையும் நான் கேட்கவில்லை. மறுநாள் எனக்குப் பரீட்சை இருந்தது. அந்தப் பரீட்சையும் வரலாறுதான்.

வாழ்க்கை வரலாறு என்றால், உ. வே. சாமிநாதையரிலிருந்து தொடங்கு. தம் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1876-இல் மறைந்த பிறகு ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் கழித்து, 1933-லும் 1934-லும் அவருடைய சரித்திரத்தை இரண்டு பாகங்களாக வெளியிட்டார். அதன் பிறகே தம் சொந்த வாழ்க்கையை எழுத உட்கார்ந்தார். 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்த ‘என் சரித்திரம்’, 1942-இல் அவர் மறைந்ததால் 122 அத்தியாயங்களோடு நின்றுபோயிற்று. இரண்டையும் அடுத்தடுத்து வாசித்தால், மாணவனாக இருந்து பார்த்த அதே ஆசிரியரை அவர் இரண்டு விதமாக நினைத்துப் பார்ப்பது உனக்குப் புலப்படும். எனக்கு இரண்டாவதுதான் நெருக்கம். பசியையும் கடனையும் கால்நடையாகப் போன ஊர்களையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். ஒரு சுவடி எந்த வீட்டுப் பரணிலிருந்து கிடைத்தது என்பதையும் விடாமல் சொல்கிறார். எப்படித் தெரிந்துகொண்டார் என்பதை இப்படிக் கூடவே சொல்கிறவரை நான் நம்புகிறேன்.

நம் மாவட்டத்துக்காரரான கே. கே. பிள்ளை சுசீந்திரம் கோயிலைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதி 1953-இல் வெளிவந்த நூலும் அப்படிப்பட்டதே. கோயிலின் கல்வெட்டுகளைக் கொண்டு அவர் ஊரின் வரலாற்றையே எழுதிவிட்டார். தலபுராணம் இது, சான்று இது என்று அவர் பிரித்துக் காட்டும் இடங்களில் மெல்ல வாசி. ஆங்கிலம் அலுத்தால் அவருடைய ‘தமிழக வரலாறு: மக்களும் பண்பாடும்’ நூலை எடுத்துக்கொள்.

புதிதாக வரும் நூல்களைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு இல்லை. ஐந்நூறு பக்க நூலில் ஓர் அடிக்குறிப்போ, பெயரடைவோ இல்லையென்றால் வாங்காதே. உரையாடல்களை நேரில் நின்று கேட்டவர் போல் எழுதியிருந்தால், அதைக் கதையாக வாசித்துக்கொள்.

உனக்குப் பத்து வயதாக இருக்கும்போது புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டைக்குள் டிலனாய் கல்லறைக்கு அழைத்துப் போனேனே, நினைவிருக்கிறதா? 1741-இல் குளச்சலில் பிடிபட்ட டச்சுக் கம்பெனிக்காரர், மார்த்தாண்டவர்மாவின் படைக்கே பயிற்சி கொடுத்து, வலிய கப்பித்தான், அதாவது பெரிய தளபதி, என்று பெயர் வாங்கி, 1777-இல் இங்கேயே மடிந்தார் என்று வகுப்பில் சொல்வது போல் ஒப்பித்தேன். நீயோ கல்லில் இருந்த எழுத்துகளின்மேல் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, “லத்தீனுக்குப் பக்கத்தில் தமிழில் யாருக்காக வெட்டினார்கள், அம்மா?” என்று கேட்டாய். அத்தனை ஆண்டுகளில் எந்த மாணவரும் என்னிடம் கேட்காத கேள்வி அது. எனக்கு இன்றுவரை சரியான பதில் கிடைக்கவில்லை. நீ வாங்கும் நூல்களில் எங்கேனும் கண்டால் எனக்கு எழுது.

என் பாட்டியின் தங்கை மகள் முஞ்சிறையில் இருக்கிறார். தொண்ணூறைத் தாண்டிவிட்டார், காது சற்று மந்தம், நினைவு தெளிவு. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வரும்போது உன் அலைபேசியில் பேச்சைப் பதிவுசெய்வது எப்படி என்று எனக்குக் காட்டிக் கொடு, மக்களே. அந்தப் பெட்டி எங்கே போயிற்று என்று இருவரும் போய் அவரிடம் கேட்போம்.

அன்புடன்,
அம்மா