எலினோர் அழுத இடம்

அன்புள்ள கயல்,

போனில் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை "ஒண்ணுமில்லம்மா, நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, இரண்டு நிமிஷம் போனை வைத்துவிட்டுப் போனாய். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து தங்கையின் காலேஜ் ஃபீஸ் பற்றிப் பேசினாய்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எம்மா தாம்சன் நடித்த 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி' படத்தை மறுபடியும் போட்டுப் பார்த்தேன். 1995இல் வந்தது. 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' உனக்குத் தெரியுமே, அதற்கும் ஜேன் ஆஸ்டினின் இதே நாவல்தான் மூலம். அதில் தபு நடித்த அக்காதான் இதில் எலினோர்.

அப்பா இறந்ததும் வீடு மூத்த தாரத்து மகனுக்குப் போய்விடுகிறது. தங்கைகளுக்கு 3,000 பவுண்டு கொடுக்கலாம் என்றுதான் அவன் முதலில் நினைக்கிறான். நாவலில், மனைவி பேசப் பேச அது 1,500 ஆகிறது, அப்புறம் தாய்க்கு வருஷம் 100, அப்புறம் எப்போதாவது 50. கடைசியில் மீனும் வேட்டைக்கறியும் அனுப்பினால் போதும் என்று முடிகிறது. உன் அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மத்தியானம் நம் கூடத்தில் நடந்த பேச்சு ஞாபகம் வந்தது. உனக்கும் மறந்திருக்காது. அதன்பிறகு வீட்டுக் கணக்கு முழுக்க எலினோர் தலையில்தான். நாவலில் அவளுக்கு 19 வயது. உனக்கு அப்போது 22.

திரைக்கதையும் எம்மா தாம்சன்தான் எழுதினார். பல வருஷம் திருத்தித் திருத்தி எழுதி, அதற்கு 1996இல் ஆஸ்கர் வாங்கினார். நடிப்புக்கு ஏற்கெனவே ஒன்று வாங்கியிருந்தார். இரண்டுக்கும் வாங்கியவர் இன்றுவரை அவர் ஒருவர்தான். விழாவுக்கு வரும் முன் வின்செஸ்டர் பேராலயத்தில் ஆஸ்டினின் கல்லறைக்குப் போய்விட்டு வந்ததாக மேடையிலேயே சொன்னார். அந்த மரியாதை எனக்கு மிகவும் பிடித்தது.

ஆனால் ஓர் இடத்தில் ஆஸ்டின் எழுதியதை அவர் மாற்றினார். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். தான் விரும்பிய எட்வர்டுக்கு வேறொருத்தியோடு ரகசியமாக நிச்சயம் ஆகியிருப்பது தெரிந்தும், மாதக்கணக்கில் யாரிடமும் மூச்சுவிடாமல் இருந்தவள் எலினோர். கடைசியில் அவனுக்குக் கல்யாணமே ஆகிவிட்டது என்று நம்புகிறாள். கல்யாணம் ஆனது தனக்கல்ல, தம்பிக்கு என்று அவனே வந்து சொல்கிறான். நாவலில் எலினோர் அறையை விட்டு ஓடி, கதவைச் சாத்திக்கொண்ட பிறகுதான் அழுகிறாள். படத்தில் அவள் எங்கும் போகவில்லை. எல்லார் முன்னாலும், அவன் முன்னாலும், விம்மி வெடித்து அழுகிறாள். அம்மாவும் தங்கைகளும்தான் எழுந்து வெளியே போகிறார்கள். அழகாக அழவேண்டும் என்று அந்த நடிகைக்குத் தோன்றவே இல்லை. மூச்சு முட்டுகிறது, முகம் கோணுகிறது. அத்தனை நாள் அடக்கியது அப்படித்தானே வரும்?

நான் நாலு முறை திரும்ப ஓட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அந்தக் குழாய்ச் சத்தம்தான் காதில் கேட்டது.

கயல், நீ அழும்போது நான் எழுந்து போக மாட்டேன். என்ன விஷயம் என்றுகூடக் கேட்க மாட்டேன், நீயாகச் சொன்னால் சரி. இந்த செமஸ்டர் ஃபீஸை என் பென்ஷனிலிருந்து கட்டிவிட்டேன், தங்கைக்கும் தெரியும். ஞாயிறு பதினோரு மணிக்குக் கூப்பிடுகிறேன். போனைக் கையிலேயே வைத்துக்கொள்.

அம்மா