‘எடிட் செய்யவில்லை’ என்று எழுதிய தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

ஞாயிற்றுக்கிழமை குடும்பக் குழுவில் நீ போட்ட ஏரிக்கரைப் படத்தைப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்குக் கீழே, ‘எடிட் எதுவும் செய்யவில்லை, கேமராவில் வந்தது வந்தபடி’ என்று பெருமையாக எழுதியிருந்தாயே, அதுதான் இரண்டு நாளாக உறுத்துகிறது. கடிதம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்.

அமெரிக்கப் புகைப்படக்காரர் ஆன்சல் ஆடம்ஸின் நிலவுப் படம் உனக்குத் தெரியும். போன வருஷம் உன் ஃபோனிலேயே வால்பேப்பராக இருந்தது. கன்னங்கரேலென்ற வானம், அதில் சின்ன நிலா, கீழே நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் என்கிற சிற்றூர், கல்லறைச் சிலுவைகள் மட்டும் வெள்ளை வெளேரென்று. எடுத்த தேதி அவருக்கே நினைவில்லை. பிற்பாடு நிலா நிற்கும் இடத்தை வைத்து வானியல் தெரிந்தவர்கள் கணக்குப் போட்டு, 1941 நவம்பர் 1, மாலை 4.49 என்று சொன்னார்கள். தேதியை மறந்தவர் எக்ஸ்போஷரை, அதாவது ஃபிலிமுக்கு எவ்வளவு வெளிச்சம் கொடுத்தோம் என்பதை, மறக்கவில்லை, அதைக் கவனி.

காரில் போகும்போது கண்ணில் பட்ட காட்சி அது. வண்டியை ஓரங்கட்டி, அவசர அவசரமாக 8x10 இன்ச் கேமராவை நிறுத்திவிட்டார். வெளிச்சத்தை அளக்கும் லைட் மீட்டர் எங்கே தேடியும் அகப்படவில்லை. வெயிலோ சிலுவைகளை விட்டுப் போகப் பார்க்கிறது. நிலவின் வெளிச்சம் சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது அவருக்கு மனப்பாடம். கறுப்பிலிருந்து வெள்ளை வரை படிபடியாகப் பிரிக்கும் தன் ஜோன் கணக்கில் அதை ஏழாம் படியில் வைத்தார். படிக்குப் பாதியாகக் குறைத்துக்கொண்டே வந்தால், நடுச்சாம்பலான ஐந்தாம் படியில் சுமார் 60. ஃபிலிம் வேகம், அதாவது வெளிச்சத்தை உணரும் திறன், 64; அதன் வர்க்கமூலம் 8. அவர் கணக்கில் அந்த 8தான் லென்ஸ் துவாரத்தின் எண், அந்த 60தான் நொடியின் பங்கு. ஆக எஃப்/8இல் 1/60 நொடி. அடர்மஞ்சள் ஃபில்டர் தின்னும் வெளிச்சத்துக்காக நேரத்தை மூன்று மடங்காக்கினால் 1/20. எஃப்/32 என்கிற சின்னத் துவாரத்துக்குப் போனால் கிட்டத்தட்ட ஒரு நொடி. அமுக்கினார். இன்னொன்று எடுக்கலாமென்று ஃபிலிம் ஹோல்டரைத் திருப்புவதற்குள் வெயில் போயே போய்விட்டது. கையில் மிஞ்சியது ஒரே ஒரு நெகட்டிவ்.

பெரும்பாலும் கதையை இங்கேயே முடித்துவிடுவார்கள். எனக்கு இதற்கு அப்புறம் நடந்ததுதான் முக்கியம்.

அந்த நெகட்டிவை எந்தக் கைவேலையும் இல்லாமல் பிரிண்ட் போட்டால் என்ன வரும் தெரியுமா? வெளிறிய சாம்பல் வானம், மேலே அங்கங்கே மேகத் தீற்றல், கீழே சோர்ந்துபோன தரை. உன் வால்பேப்பரில் பார்த்த கறுப்பு அதில் கிடையாது. பிரிண்ட் தாளில் வெளிச்சம் கூடக் கூடக் கறுப்பு ஏறும்; நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளில் விழவைக்கும் என்லார்ஜருக்குக் கீழே தரையை மறைத்துக்கொண்டு, வானத்துக்கு மட்டும் கூடுதல் வெளிச்சம் கொடுத்துக் கொடுத்து அவர் கொண்டுவந்த கறுப்பு அது. தரைப்பகுதி மெலிவாக இருந்தது அவரை அரித்துக்கொண்டே இருந்திருக்கிறது. ஏழு வருஷம் கழித்து, 1948இல், அந்த ஒரே நெகட்டிவின் கீழ்ப்பாதியை மட்டும், அடர்த்தியைக் கூட்டும் இன்டென்சிஃபையர் ரசாயனத்தில் நனைத்து எடுத்தார். ஒற்றைப் பிள்ளையைக் கயிறு கட்டிக் கிணற்றில் இறக்குகிற மாதிரி வேலை. எனக்குக் கை நடுங்கியிருக்கும்.

மனிதர் முதலில் பியானோ படித்தவர். நெகட்டிவ் என்பது இசைக்குறிப்பு, பிரிண்ட் அதன் வாசிப்பு என்பார். இந்த ஒரு படத்தையே ஆயுளில் 1,300 பிரிண்டுக்கு மேல் போட்டிருக்கிறார். ஆரம்ப காலப் பிரிண்டுகளில் வானம் சாம்பல், போகப் போகக் கறுப்பு. எனக்கென்னவோ கடைசிக் காலத்துப் பிரிண்டுகளில் வானம் ஒரு சுற்று அதிகமாகவே கறுத்துவிட்டதாகத் தோன்றும். இன்னொரு விஷயம்: பிரிண்ட் ஈரமாக இருக்கும்போது பளிச்சென்று தெரியும், காய்ந்ததும் வெள்ளை எல்லாம் கொஞ்சம் மங்கும். ஈரத்தில் பார்த்து ஏமாறக்கூடாதென்று, சோதனைக்காகப் போட்ட தாள் துண்டான டெஸ்ட் ஸ்ட்ரிப்பை மைக்ரோவேவ் அடுப்பில் வைத்துக் காயவைத்துப் பார்ப்பாராம்!

இருட்டறையில் நானும் கை வைத்தவன்தான். நம் பாட்டி படத்தில் முகம் இருட்டாக விழுகிறதே என்று, கம்பி நுனியில் ஒட்டிய வட்ட அட்டையால் முகத்துக்கு மட்டும் வெளிச்சத்தை மறைத்தேன். அட்டையை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நான் அசையாமல் பிடித்துவிட்டேன். டெவலப்பர் ட்ரேயில் முதலில் புடவைக் கரை வந்தது, அப்புறம் மூக்குத்தி, அப்புறம் தலையைச் சுற்றி அம்சமாக ஒரு ஒளிவட்டம். வீட்டில் யாரோ அதற்குப் பொட்டு வைக்கப் போனார்கள். மட்டமான எடிட் என்றால் அதுதான், ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் உன் ‘வந்தது வந்தபடி’ யார் செய்தது? நீ அமுக்கிய அந்த ஒரு நொடிக்குள் உன் ஃபோன் நாலைந்து படம் எடுத்து ஒன்றாக்கி, நிழலைத் தூக்கி, நிறத்தை ஏற்றி, கூர்மையாக்கித்தான் உன்னிடம் கொடுத்தது. எடிட் நடந்திருக்கிறது தம்பி, உன்னைக் கேட்காமல் நடந்திருக்கிறது.

அன்று ராத்திரி நீ எனக்கு ஃபோன் செய்தாய், ஞாபகம் இருக்கிறதா? ‘அண்ணா, தண்ணி மை மாதிரி கிடந்தது, கிட்டப் போகவே பயமாக இருந்தது’ என்றாய். படத்தில் தண்ணீர் பளபளவென்று நீலமாக இருக்கிறது. அந்த மை எங்கே போச்சு? சனிக்கிழமை ஃபைலை எடுத்துக்கொண்டு வா, உட்கார்ந்து தேடுவோம்.

அன்புடன்,
அண்ணன்