நள்ளிரவுப் பேருந்து ரத்து: பணமும் பதிலும் கோரி

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: அயர்லாந்தில் டப்ளின் விமான நிலையம் – கால்வே நகரம் பேருந்து முன்னறிவிப்பின்றி ரத்து

ஐயா / அம்மையீர்,

கடந்த சனிக்கிழமை அதிகாலை 12.30க்குப் புறப்பட வேண்டிய உங்கள் பேருந்தில் எனக்கும் அம்மாவுக்கும் முன்பதிவு செய்திருந்தேன். வண்டி வரவில்லை. 12.50க்குத்தான் குறுஞ்செய்தி வந்தது: சேவை ரத்து, மாற்றுப் போக்குவரத்தைப் பயன்படுத்திக்கொள்ளவும். உங்கள் உதவி எண்ணில் யாரும் எடுக்கவில்லை.

என்ன மாற்று இருக்கிறது என்று நினைத்து அனுப்பினீர்கள்? டப்ளின் விமான நிலையத்துக்கு ரயில் பாதையே கிடையாது. நகரத்துக்குள் போய் ஹியூஸ்டன் நிலையத்தை அடைந்தாலும் கால்வேக்கு ரயில் காலையில்தான். கால்வே விமான நிலையத்திலோ 2011க்குப் பிறகு பயணிகள் விமானச் சேவை இல்லை. இரவு விமானத்தில் வந்திறங்கும் எங்களுக்குப் பேருந்துதான் கதி. அது உங்களுக்கும் தெரியும். அடுத்து வந்த வேறு நிறுவன வண்டியில் இடமில்லை. மதுரையிலிருந்து முதல் முறையாக என்னைப் பார்க்க வந்த அம்மா, முட்டி வலியோடு விடியும்வரை இரும்பு இருக்கையில் உட்கார்ந்திருந்தார். காலையில் இருவருக்கும் புதிதாக டிக்கெட் எடுத்தே ஊர் சேர்ந்தோம்.

வண்டி பழுதாகலாம், ஓட்டுநருக்கு உடம்பு சரியில்லாமல் போகலாம். அதைக் குறை சொல்லவில்லை. புறப்படும் நேரம் கடந்து இருபது நிமிடம் எங்களை நிற்கவைத்ததைத்தான் மன்னிக்க முடியவில்லை. ஒரு மணி நேரம் முன்பே சொல்லியிருந்தால் அந்த அடுத்த வண்டியிலேயே இடம் பிடித்திருப்பேன்.

என் முதல் மின்னஞ்சலுக்கு, இந்த வழித்தடம் 250 கி.மீ.க்குக் குறைவு, எனவே ஐரோப்பிய ஒன்றியத்தின் பேருந்துப் பயணிகள் விதிப்படி இழப்பீடு தர வேண்டியதில்லை என்று எழுதி, ஒரு பயணக் கூப்பனையும் அனுப்பினீர்கள். அதே 181/2011 விதியில், பயணம் முழுவதும் போதிய தகவல் தரும் கடமைக்கு அந்தத் தூர வரம்பு இல்லை. புகாரைப் பரிசீலிக்கும் கடமைக்கும் இல்லை: ஒரு மாதத்துக்குள் ஏற்பா மறுப்பா என்று தெரிவிக்க வேண்டும், இன்னும் பரிசீலனையில் இருந்தால் அதையாவது சொல்ல வேண்டும், மூன்று மாதத்துக்குள் இறுதிப் பதில் தர வேண்டும்.

கூப்பன் வேண்டாம். ஓடாத பேருந்துக்கு வாங்கிய கட்டணத்தையும் காலையில் நாங்கள் எடுத்த டிக்கெட்டுகளின் விலையையும் என் வங்கிக் கணக்கில் செலுத்துங்கள். ரத்து முடிவை எத்தனை மணிக்கு எடுத்தீர்கள் என்பதையும் எழுத்தில் தெரிவியுங்கள். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டால், தேசியப் போக்குவரத்து ஆணையத்திடம் முறையிடுவேன். ரசீதுகளும் குறுஞ்செய்தியின் படமும் இணைப்பில் உள்ளன.

இப்படிக்கு,
கால்வேயில் வசிக்கும் பயணி